இரண்டு அத்தரும் ஒரு கிராம்புக் குச்சியும்

என் பெரியம்மா ஃபித்தாவின் மூக்கு மந்தமாகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொன்னவள் யார், எந்த வாயால் சொன்னாள் என்பதையெல்லாம் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு ஊர் கல்பா, ஷார்ஜாவுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். பெரியம்மா என் அம்மா ஸலாமாவுக்கு மூத்தவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்று சொல்ல முடியாது, இருபத்தாறு வருடம் தினமும் மிதித்தாள். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. பெண்கள் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று படியேறும்போதே முகர்ந்து சொல்லிவிடுவாள். பெரியப்பா கமீஸ் கருவாட்டு வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் அவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் நமக்குத் தெரிந்துவிடும். அந்தக் கருவாட்டு நாற்றத்தோடு சண்டை போடத்தான் பெரியம்மா அத்தர் கலக்க ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் மாதமே ஆரம்பித்துவிட்டாளாம். பெரியப்பா மவுத்தாகும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை, யார் ஜெயித்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் பெண்களை மூத்த மகன் பெயருக்கு முன்னால் 'உம்' சேர்த்து, அவனுடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியம்மா வெறும் ஃபித்தா. கல்யாண வீட்டுக்காரர்கள் அவளிடம் அத்தர் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். "யாரு கலந்தது?" என்று அங்கே யாராவது கேட்டால், "எங்க ஊர்ல ஒரு பொம்பள இருக்கா" என்பார்கள். அவள் அதையும் கேட்டுவிட்டு, "பொம்பளைன்னு தெரிஞ்சிருக்கே, அதுவே பெருசு" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

இப்போது கல்தம் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பெண் கேட்டு வந்த ஹுமைதின் அம்மா அவள். ஹுமைதும் நானும் ஷார்ஜாவில் ஒரே அலுவலகம். அவனாகக் கேட்டான், நானாகச் சரி சொன்னேன். எனக்கு அவன் வேண்டும், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவனுடைய அம்மா கல்தம் ஒரு காலத்தில் கல்பாவில் பெரியம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரியாம். பிறகு ஷார்ஜாவுக்குப் போனவள் அத்தர்க் கடை வைத்துச் செழித்துவிட்டாள். கடை உரிமம் ஹுமைதின் பெயரில் இருந்தது, கல்லாவும் அதிகாரமும் அம்மாவிடம். அந்தக் கடையின் உயிர் ஒரே ஓர் அத்தர். ரோஜாவும் அகிலும் கலந்தது. ரமலான் இரவொன்றில் தன் கனவில் வந்த கலவை என்று கல்தம் எல்லோரிடமும் சொல்வாள். பெட்டியிலேயே தங்க எழுத்தில் 'கல்தமின் கனவு' என்று போட்டிருக்கும்.

நிக்காஹுக்கு மூன்று வாரம் முன்னால் கல்தம் தன் தங்கைகள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு என்ன வாசனை என்று முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு அத்தர் கொண்டுவருவார்கள், பெண் வீட்டில் வாசனையின் தரம் தெரிந்தவள் ஒருத்தி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். பெண்ணின் துணிப்பெட்டியிலிருந்து விருந்தாளிகளின் கை வரைக்கும் அன்று அந்த ஒரே வாசனைதான். எங்கள் வீட்டு மூக்கு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மா காலையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம்கூட வாயில் போடவில்லை. காப்பி தொடவில்லை. கையைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

கல்தம் வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சின்னக் குப்பிகள்.

"இது என் கனவு. இன்னொண்ணு எங்க கடையில புதுசா வந்த பையன் கலந்தது, ரோஜாவும் சந்தனமும் தேவதாருவும். சும்மா பேச்சுக்கு ரெண்டு கொண்டாந்தேன். எதை எடுப்பீங்கன்னு எனக்கே தெரியுமே."

முதல் குப்பியின் மூடியைத் திறந்ததும் காப்பிக் கூஜாவோடு நின்றிருந்த எனக்கே தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டு வாசனை. என் பள்ளிக்கூடச் சீருடையில், அம்மாவின் முக்காட்டில், பெருநாள் காலையில், பெரியம்மாவின் மடியில் இருந்த வாசனை. அப்படியேதான் என்று சொல்ல முடியாது, எங்கேயோ கொஞ்சம் முரடு. ஆனால் எலும்பு அதேதான். பெரியம்மா இடது முழங்கையின் உள்பக்கம் முதலாவதைத் தொட்டு வைத்துக்கொண்டாள், வலது பக்கம் இரண்டாவதை. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"பெரியம்மா, இது உங்க..." என்று நான் வாயெடுத்தேன். முக்காட்டு மறைவில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஐயோ, இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

"ஒரு மணி நேரம் ஆகட்டும் உம் ஹுமைத். தோல்ல ஊறினாத்தான் சொல்ல முடியும்" என்றாள் பெரியம்மா, கல்தமிடம்.

"ஒரு மணி நேரமா? என் கடைக்கு வர்றவங்க ஒரு நிமிஷத்துல எடுத்துட்டுப் போறாங்க அக்கா!"

"அவங்க எடுத்துட்டுப் போயிடுறாங்க. நான் இங்கேயேதானே இருக்கப் போறேன்?"

தட்டு எடுக்கிற சாக்கில் பெரியம்மா அடுப்படிக்கு வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"திருடி! பட்டப்பகல்ல, நம்ம வீட்டுக்கே கொண்டாந்து நீட்டுறா பாருங்க!"

"கத்தாதடி. ரோஜாவும் அகிலும் எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தோணக் கூடாதா? கிராம்பு வந்தா மட்டும்தான் அது என்னோடது. வரலைன்னா, ஒண்ணும் அறியாதவ மேல பழி போட்ட பாவம் எனக்கு."

"கிராம்பா? நம்ம அத்தர்ல ஏது கிராம்பு?"

அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் முன்னால் ஒரு கல்யாணப் பெண்ணின் தலைக்கு வைக்கிற விழுதைப் பெரியம்மா அரைத்துக்கொண்டிருந்தாளாம். குங்குமப்பூவும் கிராம்பும் போட்டு அரைக்கிற விழுது. பக்கத்திலேயே புதிதாக ஓர் அத்தரும் கலந்துகொண்டிருந்தாள். அவசரத்தில் விழுது கிண்டிய குச்சியை எடுத்து அத்தரைக் கிண்டிவிட்டாள். அன்றைக்குக் கல்தம் கூடவே உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா? "எழுதி வெச்சா மறக்காது அக்கா, நான் எழுதுறேன்" என்று நோட்டுப் புத்தகத்தில் சொட்டுச் சொட்டாக எழுதிக்கொண்டாள். அந்தக் குச்சியையும் சேர்த்து எழுதிக்கொண்டாள், அதுவும் கைப்பக்குவம் என்று நினைத்து. அந்த வாரமே அவளுடைய குடும்பம் ஷார்ஜாவுக்குக் குடிபோனது. நோட்டுப் புத்தகமும் போனது.

"முகர்ந்தப்போ அமிர்தமாத்தான் இருந்துச்சு" என்றாள் பெரியம்மா. "ஒரு மணி நேரம் உடம்புல கிடந்ததும் பல் டாக்டர் ரூம்ல நிக்கிற மாதிரி ஆயிப்போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டு, வேற குச்சியில மறுபடி கலந்தேன். நீ பொறந்ததுலேருந்து போட்டுக்கிறது அப்படி மறுபடி கலந்ததுதான்."

"கிராம்பு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்கு அந்தப் பையன் வேணும்ல?"

இதைக் கேட்டதும் எனக்குக் கல்தம் மேலிருந்த கோபத்தில் பாதி இவள் மேல் திரும்பிவிட்டது. என்ன பெண்பிள்ளை இவள்!

அந்த ஒரு மணி நேரம் கல்தம் வாயை மூடவில்லை. கனவில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் வந்தாளாம். கையில் ரோஜாவும் அகில் கட்டையும் வைத்திருந்தாளாம். 'எடுத்துக்கொள்' என்றாளாம். கேட்கக் கேட்கக் காப்பியைத் தட்டில் சிந்தினேன். முதலில் இவள் எவ்வளவு துணிச்சல்காரி என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன், துணிச்சல் எல்லாம் இல்லை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அவளே அந்தக் கனவை நம்பிவிட்டாள். யார் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. துணிச்சல்காரியைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

கல்தமும் அதே அத்தரைத்தான் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய சின்னத் தங்கை மூக்கைச் சுருக்கினாள்.

"யாருக்காவது பல்லு வலியா? கிராம்புத் தைல வாசனை வருதே?"

பெரியம்மா இடது முழங்கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். வலது முழங்கையையும் முகர்ந்தாள்.

"ரெண்டாவதை வெச்சுக்கலாம்" என்றாள். "சந்தனம் சுத்தமா இருக்கு. கலந்த பையனுக்கு நல்ல கை."

கல்தமின் முகம் இருண்டது. "என் கனவை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். காரணம் சொல்லுங்க."

"காரணம் என்ன? ரெண்டுல ஒண்ணு எடுக்கணும், எடுத்தேன்."

"இல்ல, சொல்லுங்க. வாங்குன ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல. கனவுல வந்ததுல என்ன குறை கண்டுட்டீங்க?"

பெரியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கல்தம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்; நானே எண்ணினேன், பெரியம்மா மூன்று தடவை விட்டுக்கொடுத்தாள். நான்காவது தடவை முடியவில்லை.

"கனவுல வந்த அந்தப் பொண்ணு கையில கிராம்புக் குச்சியும் இருந்துச்சா கல்தம்?"

 கல்தம் குப்பியின் மூடியைத் திருகி இறுக்கினாள். அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஞாபகம் வந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா?

"என்ன குச்சி? என்ன உளறுறீங்க?" என்றாள்.

அவ்வளவுதான். நான் அடுப்படிக்குப் போனேன். நெருப்புக் கங்கு எடுத்துத் தூபக்காலில் போட்டேன், அகில் துண்டைக் கிள்ளி வைத்தேன், புகை கிளம்ப நேராக வந்து கல்தமின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். எங்கள் ஊரில் விருந்து முடிந்தால்தான் தூபம் வரும். வந்துவிட்டால் விருந்தாளி புகையை முக்காட்டில் வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அம்மா விடிகாலையிலிருந்து கோதுமையும் இறைச்சியும் போட்டுக் கிண்டிய ஹரீஸ் இன்னும் பானையிலேயே இருந்தது. ஒரு கரண்டிகூடப் பரிமாறவில்லை. வாசனை பிடிக்க உட்கார்ந்தவளை வாசனை காட்டியே வெளியே அனுப்பினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கல்தமிடமிருந்து சேதி வந்தது. பெண் சின்னவள், அவளை மன்னித்துவிடலாம். தூண்டிவிட்டது பெரியவள். ஃபித்தா நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் நிக்காஹ் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை.

நான் ஹுமைதுக்கு ஃபோன் போட்டு முழுவதையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "ஒரு பாட்டிலுக்காகவா அஃப்ரா இவ்வளவு?" என்றான். ஃபோனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவனுடைய அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன், ஏனென்றால் எனக்கு அவன் வேண்டும். அந்த விஷயத்தில் என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

பெரியம்மா என்னிடம் சொல்லாமல் போய்வந்துவிட்டாள். நான் வேலையில் இருந்த நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷார்ஜா போய், கல்தமின் நெற்றியில் முத்தம் வைத்து, "தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்று கேட்டிருக்கிறாள். கல்தம் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு சொன்னாளாம், "பரவால்ல அக்கா. வயசாச்சு, மூக்கு மந்தமாயிருக்கும். இல்லாத வாசனையெல்லாம் தெரியும்." இதை அம்மா அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடுகூடக் கத்துவதை நிறுத்தியது.

"உங்களை யாரு போகச் சொன்னா?" என்று பெரியம்மா வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன். "வெக்கம் மானம் இல்லையா உங்களுக்கு? திருடினவ உக்காந்திருக்கா, பறிகொடுத்த நீங்க போய் மன்னிப்புக் கேக்குறீங்க!"

"உள்ள வந்து கத்து, தெரு பாக்குது."

"பாக்கட்டும்!"

"என் மூக்கு எங்கேயும் போயிடாதுடி. அவ மந்தம்னு சொன்னதால உதிர்ந்து விழுந்துடுமா? நீ நல்லா இருந்தா எனக்குப் போதும்."

"எனக்குப் போதாது!" என்றேன். அவள் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவளும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறாள், மூடி போட்டு வைத்திருக்கிறாள். அந்த மூடியே நான்தான்.

நிக்காஹ் நாள் வந்தது. எங்கள் வீட்டில்தான். ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் உள்கூடத்தில். பெரியம்மா தேர்ந்தெடுத்த சந்தன அத்தர் எல்லோர் கையிலும். கல்தம் மட்டும் பிடிவாதமாகத் தன் கனவைப் பூசிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். காஜியார் காகிதங்களோடு உள்கூடத்து வாசலுக்கு வந்தார், பின்னால் என் வாப்பாவும் ஹுமைதும். சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றேன். மஹர்த் தொகை சரியா என்றார், சரி என்றேன். பிறகு எல்லாப் பெண்களிடமும் கேட்பதையே கேட்டார்.

"ஒப்பந்தத்துல நிபந்தனை ஏதாவது எழுதணுமாம்மா? படிப்பு, வேலை, தனி வீடு, ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் ஒருவரிடமும் நான் மூச்சு விட்டிருக்கவில்லை.

"இவரு பேர்ல ஓடுற கடையில ஒரு அத்தர் விக்குது. அதைக் கலந்தது என் பெரியம்மா. பெட்டி மேல அவங்க பேரு வரணும். கனவுன்னு இனிமே ஒரு பெட்டியில இருக்கக் கூடாது. அதை எழுதுங்க."

 காஜியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷமா எழுதுறேன், இப்படி ஒண்ணு எழுதினதில்ல" என்று முனகிவிட்டு ஹுமைதைப் பார்த்தார். "நிபந்தனையை மாப்பிள்ளை ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா நான் காகிதத்தை மடிச்சுட்டுப் போயிடுவேன்."

ஹுமைத் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் யோசித்தான் தெரியுமா? அந்த நேரத்துக்காக நான் இன்றுவரை அவனை மன்னிக்கவில்லை. அங்கே நின்று நான் கல்யாண உடையைக் கழற்றி மடித்து வைப்பதாகவே கற்பனை செய்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"உம்மா, அது ஃபித்தா பெரியம்மாவோடதா?"

"கனவுல வந்துச்சுடா..."

"உம்மா."

கல்தம் தலை குனிந்தாள்.

"எழுதுங்க காஜியாரே" என்றான் ஹுமைத்.

"என்ன பேர்னு எழுத? வெறும் ஃபித்தான்னா ஊர்ல நூறு ஃபித்தா."

நான் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் உள்கூடத்தின் கடைசி மூலையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அப்படி ஒரு குரல் பெரியம்மாவுக்குள் இருக்கிறது என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"ஃபித்தா பின்த் ராஷித்! நல்லாக் கேட்டு எழுதுங்க! ராஷித் மக ஃபித்தா!"

காஜியார் எழுதினார். பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஹுமைத் கையெழுத்துப் போட்டான், நான் போட்டேன். ஆண்கள் முன்கூடத்துக்குத் திரும்பினார்கள். யாரோ குலவை போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் கல்தம் எழுந்து பெரியம்மாவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து கண் கலங்கியிருந்தது.

"சபையில வெச்சு என் மானத்தை வாங்கிட்டீங்களே! இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு? அன்னிக்கே, நான் கடை வெச்ச அன்னிக்கே வந்து கேட்டிருக்கலாம்ல?"

பெரியம்மா எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே உயரம், அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"நான் வந்து கேக்கணுமா? நீ கேட்டிருக்கணும்டி!" என்று கத்தினாள். "அடுத்த வீட்டுலதானே இருந்தே? 'அக்கா, நான் கடை வெக்கப் போறேன், உங்க அத்தரைக் கொடுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? குச்சியில தப்பு இருக்கு கல்தம், அப்படியே எடுத்துட்டுப் போகாதேன்னு சொல்லி, நல்லதாக் கலந்து என் கையாலயே கொடுத்திருப்பேனேடி!"